கடைசிப் பாப்பாவின் வேன்காரர்

பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம் வரைக்கும் லட்சுமணனைத் தெரியாத தெரு குறைவு. தெரிந்தவர்கள்தான் இப்போது தெரியாத மாதிரி இருந்துகொள்கிறார்கள். தண்ணீர் கேன் ஏற்றிய குட்டி யானை வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் குரல் கொடுத்தால், கதவு கொஞ்சமாகத் திறக்கும். ஒரு கை வந்து காலி கேனை வெளியே தள்ளும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், அது எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள். "உள்ள வா!" அந்தக் குரலில் இருக்கும் அவசரம் யாரைக் குறித்தது என்று லட்சுமணனுக்குத் தெரியும். நிறை கேனை வாசற்படியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இத்தனைக்கும் இந்தப் பிள்ளைகளில் பாதியை எல்.கே.ஜி.யில் அழ அழத் தூக்கி வேனில் உட்காரவைத்தவர் அவர்தான். வாந்தி எடுத்தால் துடைத்தவர். ஷூ லேஸ் கட்டிவிட்டவர். பெற்றவர்கள் கையை ஆட்டிவிட்டு ஆபீசுக்கு ஓடிய காலத்தில், "லட்சுமணன் வேன்ல வுட்டா கவலையே இல்ல" என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொண்டார்கள். அந்த வாய்கள்தான் இன்றைக்கு வேறு பேசுகின்றன.

லட்சுமணனின் அப்பா ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர். நிலம் மனையாகி, மனை கோடவுனாகி, பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, லட்சுமணன் பங்குக்கு மிஞ்சியது ஒரு சின்ன வீடும் அதற்கு முன்னால் வண்டி நிறுத்தும் அளவுக்குக் காலி இடமும்தான். அந்தக் காலி இடம்தான் அவருக்கு வேலை வாங்கித் தந்தது. முகப்பேரில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், அந்த மாதிரிப் பள்ளிக்கூடங்களுக்கா ஊரில் பஞ்சம்? செம்பரம்பாக்கம் வரை பிள்ளை பிடிக்க அந்தப் பள்ளிக்கு ஆசை இருந்தது. இரவில் வேனை அங்கேயே நிறுத்திக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் டீசல் மிச்சம். லட்சுமணன் கிடைத்தார். காலையில் வீட்டு வாசலிலிருந்து வேனை எடுப்பார். சாயந்திரம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துவார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கடைசிப் பிள்ளை இறங்கும்வரை வேனில் ஒரு பெண் உதவியாளர் இருந்தாக வேண்டும். விதி அப்படி. அந்த வேனுக்கு ஆயா ஜெகதாம்பாள். அவளுக்கு வீடு மாங்காட்டில். மாங்காட்டைத் தாண்டினால் வேனில் மிச்சம் ஒரே ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளைக்காக செம்பரம்பாக்கம் வரை போனால், வேன் அங்கேயே நின்றுவிடும், ஜெகதாம்பாள் இரண்டு பஸ் மாறித் திரும்பி வர வேண்டும். ஆகவே, பள்ளியில் வண்டிகளைப் பார்த்துக்கொண்ட இளங்கோ ஒரு வழி சொன்னான்.

"அந்தம்மா மாங்காட்லயே எறங்கிக்கட்டும்ணே. ஒரே ஒரு புள்ளதானே, நீ பாத்துக்க மாட்டியா இன்னா?"

லட்சுமணன் தலையாட்டினார். அவருக்கு அது ஒரு வயசான பொம்பளைக்குச் செய்கிற உபகாரமாகப் பட்டது. மற்ற வேன்களிலும் இதே கதைதான். எந்த ஆயாவும் தன் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பெற்றவர்களுக்கும் தெரியும். கேட்டைத் திறந்து பையை வாங்குகிறவளுக்கு, வேனில் ஆயா இல்லை என்று தெரியாதா? பிள்ளை வந்துவிட்டது, போதும்.

"அண்ணாத்தே, புள்ளைய பத்ரமா உட்டுடு," என்று சொல்லிக்கொண்டே ஜெகதாம்பாள் தினமும் மாங்காட்டில் இறங்கினாள்.

அந்தக் கடைசிப் பிள்ளையின் பெயர் கிருஷ்ணப்பிரியா. நாலாங்கிளாஸ். அப்பா ஜானகிராமன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸ் வேண்டாம், சொந்த வீடு வேண்டும் என்று செம்பரம்பாக்கத்தில் மனை வாங்கிக் கட்டியவர். ஜெகதாம்பாள் இறங்கியதும், கிருஷ்ணப்பிரியா பின்சீட்டிலிருந்து எழுந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வாய் மூடாது. யார் யாருக்கு டிபன் பாக்ஸில் என்ன, எந்த மிஸ் புது சேலை கட்டினாள், ஏரியில் முதலை உண்டா இல்லையா, எல்லாம் பேசி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும். லட்சுமணன் அதற்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்.

கிருஷ்ணப்பிரியாவின் அம்மா கஸ்தூரி, பேப்பரில் வருகிற செய்திகளைப் படித்துப் படித்துப் பயந்துபோனவள். பெண் பிள்ளை, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும் என்று அந்த வருஷம் பள்ளியிலேயே கராத்தே வகுப்பில் சேர்த்தாள். புதன்கிழமை மதியம் வகுப்பு. மாஸ்டர் பெயர் அஸ்வின். தாளாளருக்குத் தங்கை மகன். பாதுகாப்பு தேடித்தான் அந்த அம்மாள் பிள்ளையை அவனிடம் கொண்டுபோய் விட்டாள் என்பதை நினைத்தால், லட்சுமணனுக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

அந்த வருஷம் பள்ளி திறந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, குழந்தைகள் பாதுகாப்பு என்று ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ நடந்து டி.வி.யில் வந்துவிட்டது; அதனால் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் திடீரென்று குழந்தைகள்மேல் அக்கறை பொங்கியிருந்தது. வரலட்சுமி என்ற பெண் வந்து பேசினாள். டீச்சர்கள் முன்வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர்களும் ஆயாக்களும் கடைசியில். லட்சுமணன் மட்டும்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார் என்று சொன்னால் மிகை இல்லை.

"ஒரு குழந்தை உங்ககிட்ட வந்து சொன்னா, நம்புங்க," என்றாள் வரலட்சுமி. "துருவித் துருவிக் கேக்காதீங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்க. உடனே பள்ளியில பொறுப்புல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. அங்க நடக்கலன்னா குழந்தைகள் உதவி நம்பர் 1098-க்குப் போன் பண்ணுங்க."

கடைசியில் எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். படம் பிடித்தார்கள். தேங்காய் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேனின் பின்கண்ணாடியிலும் 1098 என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். காலையில் வேனைக் கழுவும்போது லட்சுமணன் அந்த ஸ்டிக்கரைத் தனியாக ஈரத்துணி போட்டுத் துடைப்பார். அப்பாவி மனுஷன், அதை நிஜம் என்று நம்பினார்.

ஆடி மாதத்தில் ரேடியோ பாடாமல் போனது. மற்ற நாளில் ஏதோ கொஞ்சம் பேசும். புதன்கிழமை ஆனால் ஒரு சொல் வராது. பின்சீட்டிலேயே பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதல் தடவை, உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். திரும்பவும் அப்படியே ஆனபோது, நசரத்பேட்டை சிக்னலில் வண்டி நின்ற நேரத்தில் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, ரேடியோ ரிப்பேரா?"

பிள்ளை எழுந்து வந்தது. சீட்டுக்குப் பின்னால் நின்றது. "ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே அங்கிள்?"

"நான் எப்ப கண்ணு உன்னத் திட்டிகீறேன்?"

"கராத்தே மாஸ்டர் என்னை மட்டும் பெல்ட் வைக்கற ரூமுக்குக் கூப்பிடறாரு. கதவச் சாத்திக்கறாரு. எனக்குப் பிடிக்கல." சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "சொன்னா எங்க அப்பாவ ஜெயில்ல போட்டுடுவேன்னு சொன்னாரு," என்றது.

சிக்னல் பச்சையானதும் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். லட்சுமணனுக்குக் கியர் எது, கிளட்ச் எது என்று தெரியவில்லை. எப்படியோ வண்டியை ஓரம் கட்டினார். துருவிக் கேட்கக்கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தது, கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை. "உம்மேல தப்பே இல்ல பாப்பா. நீ சொன்னது ரொம்ப நல்லது. அங்கிள் பாத்துக்கறேன்," என்று மட்டும் சொன்னார். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி என்று தலையாட்டியது. வீடு வரும்போது ஏரியில் முதலை உண்டா என்று மறுபடியும் கேட்டது. பாரத்தை இறக்கிவைத்துவிட்ட நிம்மதி அதற்கு.

வாசலில் கஸ்தூரி பையை வாங்கினாள். லட்சுமணன் "அம்மா" என்று ஆரம்பித்தார். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டருகே நிற்கிற பெண்ணிடம், ஓர் ஆம்பிளை இதை எந்த வார்த்தையில் சொல்வது? "நாளைக்கு வேன் கொஞ்சம் முன்னாடியே வரும்மா," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பள்ளியில் சொன்னால் அவர்கள் முறையாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தார். அன்றைக்கு அந்தக் கேட்டருகே நின்று நாக்கு எழாமல் போனதுதான் அவர் செய்த முதல் தப்பு.

மறுநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு முதல்வர் அறைக்குப் போனார். ரேகா மேடம் நல்ல மாதிரி. டிரைவர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். உட்காரச் சொன்னார். லட்சுமணன் உட்காரவில்லை. பிள்ளை சொன்னதை, சொன்ன மாதிரியே சொன்னார். கேட்கக் கேட்க ரேகா மேடத்தின் முகம் வெளுத்தது. அந்த நேரத்தில் அவர் நிஜமாகவே பதறினார் என்றுதான் லட்சுமணன் இன்றைக்கும் சொல்வார். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். யோசித்தார். யோசிக்க ஆரம்பித்ததும் முகம் மாறியது.

"குழந்தை உங்ககிட்ட இதை எப்போ சொன்னா?"

"நேத்து சாய்ந்தரம் மேடம். மாங்காடு தாண்டி, நசரத்பேட்டை கிட்ட."

"அப்போ ஆயாம்மா எங்க இருந்தாங்க?"

"அவங்க மாங்காட்லயே எறங்கிடுவாங்களே மேடம்," என்றார் லட்சுமணன், ஊருக்கே தெரிந்த ஒன்றைச் சொல்கிற மாதிரி.

ரேகா மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க வெளிய வெயிட் பண்ணுங்க லட்சுமணன்."

மத்தியானம் வரை வராந்தாவில் நின்றார். தாளாளர் வந்தார். அவர் பின்னால் இளங்கோ போனான். கண்ணாடிக் கதவுதான், எல்லாம் தெரிந்தது. ஜெகதாம்பாளை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"அவருதான் சார் எறங்கச் சொல்வாரு. நான் வரேன்னுதான் சொன்னேன்," என்றாள்.

இளங்கோ தலையைக் குனிந்துகொண்டு, தனக்கு இப்படி ஒரு விஷயமே தெரியாது என்றான். வெளியே வந்த ஜெகதாம்பாள் லட்சுமணனைப் பார்க்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது, அவளைச் சொல்லி என்ன பயன் என்று லட்சுமணன் வாயளவில் சொல்வார்.

கடைசியாகக் குழந்தையைக் கூப்பிட்டார்கள். தாளாளர் ஒரு பக்கம், ரேகா மேடம் ஒரு பக்கம். சுவரோரம் கைகட்டி நின்றவன் அஸ்வின். நடுவில் ஒன்பது வயசுப் பிள்ளை. கராத்தே மாஸ்டரைப் பற்றி அதனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "டிரைவர் அங்கிள் தனியா இருக்கும்போது உன்கிட்ட என்னம்மா பேசுவார்?" என்று கேட்டார்கள். பிள்ளை அஸ்வினைப் பார்த்தது, கண்ணாடிக்கு வெளியே நின்ற லட்சுமணனைப் பார்த்தது, அப்புறம் ஓவென்று அழுதது. போதாதா? அழுகையை அவர்கள் தங்களுக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

ஜானகிராமனுக்குப் போன் போனது. அவரிடம் என்ன சொன்னார்கள் என்று லட்சுமணனுக்கு நேரில் தெரியாது, ஊகிப்பது கஷ்டமில்லை. ஆயாவை வழியிலேயே இறக்கிவிட்டு, தினமும் பிள்ளையோடு தனியாக இருந்திருக்கிறான், இல்லாததும் பொல்லாததும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். இதற்குமேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? ஆவடியிலிருந்து பைக்கில் பறந்து வந்தவர், கேட்டுக்குள் நுழைந்த வேகத்தில் லட்சுமணனின் கன்னத்தில் அறைந்தார்.

"உம்ம நம்பித்தானவே பிள்ளைய அனுப்பினேன்!"

"சார், நான் சொல்றத ஒரு நிமிசம்..."

மறுபடியும் அறை. வாட்ச்மேன் வந்து பிடித்தான். பிடித்தது லட்சுமணனைத்தான். மற்ற டிரைவர்கள் தங்கள் தங்கள் வேன்களைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

தாளாளர் பெருந்தன்மையாகப் பேசினார். "போலீசுக்குப் போனா நீ வெளிய தல காட்ட முடியாது. உனக்கும் கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு இருக்கு. மரியாதையா நின்னுக்கோ." சொந்தக் காரணத்தால் வேலையை விடுவதாகக் கையெழுத்து வாங்கினார்கள். லட்சுமணன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு கும்பிடும் போட்டார். அந்தக் கும்பிடை நினைத்தால்தான் அவருக்குத் தன் கைமேலேயே வெறுப்பு வரும்.

அவர்மேல் நிஜமாகவே சந்தேகம் இருந்திருந்தால், பள்ளி போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம். அது தாளாளருக்குத் தெரியாதா? போலீஸ் வந்தால் குழந்தையைத் தனியாக உட்காரவைத்துப் பக்குவமாகக் கேட்பார்கள். கேட்டால் அது பெல்ட் ரூமைச் சொல்லும். ஆகவே காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்தார்கள். பிள்ளையின் எதிர்காலம், குடும்ப மானம் என்று சொல்லி ஜானகிராமனின் வாயையும் அடைத்தார்கள். அடுத்த வாரம் பள்ளி வாசலில் பெரிய பேனர் வைத்தார்கள், குழந்தைகள் பாதுகாப்பில் சமரசம் இல்லை என்று. கராத்தே வகுப்பு வழக்கம்போல நடந்தது.

போலீசுக்குப் போகவில்லையே தவிர, ஊருக்குப் போய்விட்டது. அந்த வேனில் வந்த பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் யாரோ லட்சுமணன் படத்தைப் போட்டார்கள், போன வருஷம் ஆயுதபூஜைக்கு வேனுக்கு மாலை போட்டு எடுத்த படம். வீட்டில் மனைவி ராஜகுமாரி, "நீ அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்று அழுதாள். தெரிந்தவள்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டி.வி. பார்க்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். "அதுங்க வந்தா நமக்குத்தான் வம்பு" என்றாள்.

அந்த வாரமே அவர் 1098-க்குப் பேசப் போனை எடுத்தார். பக்கத்தில் மகள் கார்த்திகா இருந்தாள். பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். அவளுக்குத் திருமழிசையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

"அப்பா, யாருக்குப் போன்?"

சொன்னார்.

"நீ போன் பண்ணா போலீஸ் வரும்பா. மொதல்ல உன்னத்தான் கூட்டிகினு போவாங்க. மாப்ள ஊட்ல இன்னா சொல்லுவாங்க?" அவள் கண்ணில் நீர் நின்றது. "நீ தப்பு பண்லன்னு எனக்குத் தெரியும்பா. கல்யாணம் முடியட்டும். அப்பறம் பண்ணு."

கல்யாணம் முடியட்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளை ஒரு பக்கம், ஊரான் பிள்ளை ஒரு பக்கம். லட்சுமணன் போனைக் கீழே வைத்தார். அதுதான் இரண்டாவது தப்பு. முதல் தப்பு நாக்கு எழாமல் செய்தது, இது யோசித்துச் செய்தது.

தெரிந்தவர் ஒருவரின் குட்டி யானை கிடைத்தது. தண்ணீர் கேன் போட ஆரம்பித்தார். மாங்காடு சந்திப்பில் ஒரு சாயந்திரம் அந்தப் பழைய வேனைப் பார்த்தார். புது டிரைவர், சின்னப் பையன். உள்ளே புதுசாகக் கேமரா மாட்டியிருந்தார்கள். வேன் நின்றது, ஜெகதாம்பாள் இறங்கினாள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். வேன் செம்பரம்பாக்கம் பக்கம் திரும்பியது. பின்கண்ணாடியில் 1098 ஸ்டிக்கர் தூசி படிந்து கிடந்தது. ஒரு மனுஷனைத் தெருவில் நிறுத்திவிட்டு அவர்கள் எதை மாற்றினார்கள் என்று லட்சுமணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கெட்ட வார்த்தை ஒன்றை உரக்கச் சொன்னார்.

புதன்கிழமைகள்தான் அவருக்கு ஆகவில்லை. மற்ற நாளில் கேன், வாடகை, மகள் கல்யாணம் என்று ஓடிவிடும். புதன்கிழமை மதியம் சாப்பாடு இறங்காது. இந்நேரம் வகுப்பு தொடங்கியிருக்கும் என்று நினைப்பார். அப்புறம், அவனும் பயந்துபோயிருப்பான், இனிமேல் செய்ய மாட்டான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். தன்னை ஏமாற்றிக்கொள்ள மனுஷனுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

தை மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைக்க வேண்டும் என்று ராஜகுமாரி சொன்னாள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மூவரும் மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனார்கள். நல்ல கூட்டம். ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வேண்டிக்கொள்கிறவர்கள் ஆளுக்கு இரண்டு பழத்தோடு வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் கஸ்தூரி நின்றாள். பக்கத்தில் கிருஷ்ணப்பிரியா. பள்ளிச் சீருடையை மாற்றவில்லை. இளைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. கஸ்தூரி முன்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது இவர் காதில் விழுந்தது. "பிள்ளை ராத்திரியெல்லாம் அலறிட்டு எந்திரிக்கா. சரியாச் சாப்பிட மாட்டேங்கா. ஏதோ பயந்திருக்கான்னாங்க. அதான் அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன், இது மூணாவது வாரம்."

லட்சுமணன் தூண் மறைவுக்கு ஒதுங்கினார். அதற்குள் பிள்ளை பார்த்துவிட்டது. அம்மா கையை உருவிக்கொண்டு ஓடிவந்தது.

"அங்கிள்!"

"பாப்பா, அம்மாகிட்ட போ கண்ணு," என்றார்.

பிள்ளை போகவில்லை. அவசர அவசரமாக, யாரும் கேட்டுவிடக் கூடாது என்று கிசுகிசுத்தது. "அங்கிள், நான் இப்ப யார்கிட்டயுமே சொல்றதில்ல. மாஸ்டர் கூப்பிட்டாக்கூட சொல்றதில்ல. நான் சொன்னதாலதானே உங்கள அனுப்பிட்டாங்க? இனிமே சத்தியமா சொல்ல மாட்டேன். நீங்க திரும்பி வந்துடறீங்களா அங்கிள்?"

கஸ்தூரி வந்து பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டது. "வெக்கமா இல்ல உமக்கு? கோயில்லயுமா?" என்று கத்தினாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ, "இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். யாரோ பதில் சொன்னார்கள். பிள்ளையை இழுத்துக்கொண்டு அவள் சந்நிதிப் பக்கம் போனாள். பிள்ளை திரும்பிப் பார்த்து, வாயில் விரலை வைத்து, சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியது.

லட்சுமணன் பத்திரிகைத் தட்டை ராஜகுமாரி கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். செருப்பு விடும் இடத்தருகே நின்று போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியதில்லை. எத்தனையோ காலைகளில் அதை ஈரத்துணியால் துடைத்தவர். ஒரு பெண் குரல் பேசியது. பிள்ளையின் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் சொன்னார்.

"சார், உங்க பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"பரவால்லம்மா, எழுதிக்கோ. லட்சுமணன். அந்தப் பாப்பா வந்த வேன ஓட்னவன்."

கார்த்திகா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "அப்பா," என்றாள் ஒரு தடவை. அவர் திரும்பவில்லை. அவள் இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

"குழந்தை உங்ககிட்ட இதை எப்ப சொன்னா சார்?"

ரேகா மேடம் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு யோசிக்காமல் பதில் சொன்னவர் இன்றைக்கு விரல்விட்டு மாதங்களை எண்ணினார். அந்தப் பக்கம் காத்திருந்தார்கள்.

"ஆடி மாசம்மா," என்றார்.

இப்போது தை. எதிர்முனையில் கீபோர்டு சத்தம் நின்றது. ஏன் இத்தனை நாள் என்று அந்தப் பெண் கேட்பாள் என்று நினைத்தார். கேட்டால் தாளாளரைச் சொல்லலாம், ஜெகதாம்பாளைச் சொல்லலாம், ஜானகிராமன் அறைந்ததைச் சொல்லலாம். அவள் கேட்கவில்லை. "சரி சார், சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்," என்றாள்.

"சீக்கிரம் யாரையாச்சும் அனுப்பும்மா," என்றார் லட்சுமணன். "நாளைக்குப் புதன்கிழமை."